கையெழுத்துப் போடுவதற்கு முன்: மனநல சிகிச்சையில் உங்கள் உரிமைகள்

உங்கள் வீட்டில் ஒருவருக்கு மனநோய் முற்றிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு நாளாகத் தூக்கமில்லை, சாப்பாடில்லை. யாரோ தன்னைக் கொல்ல வருவதாகக் கத்துகிறார். எப்படியோ சமாதானப்படுத்தி மருத்துவமனைக்குக் கூட்டிப் போகிறீர்கள். அட்மிஷன் மேசையில் ஒரு படிவத்தை நீட்டி, "இங்கே ஒரு கையெழுத்து, பின்பக்கம் ஒரு கையெழுத்து" என்கிறார்கள். படித்துப் பார்க்கும் நிலையிலா இருக்கிறீர்கள்? போட்டுவிடுகிறீர்கள்.

அந்தக் கையெழுத்தால் என்ன நடக்கிறது? உள்ளே போனவரை எத்தனை நாள் வைத்திருக்கலாம்? கட்டிப் போடலாமா? ஷாக் வைக்கலாமா? அவர் வீட்டுக்குப் போக வேண்டும் என்றால் விடுவார்களா? இத்தனை கேள்விகளுக்கும் மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017 பதில் வைத்திருக்கிறது. அந்தப் பதில்களை ஒவ்வொன்றாகச் சொல்வதற்காகவே இந்தக் கட்டுரை. நோயாளியின் உரிமை சிகிச்சைக்கு எதிரானது என்ற எண்ணம் பலருக்கு உண்டு. அது தவறு. தன்னை மதித்து நடத்திய இடத்துக்குத்தான் நோயாளி மறுபடி மருந்து வாங்கப் போவார்.

இந்தச் சட்டம் எப்படி வந்தது?

2001 ஆகஸ்ட் 6, அதிகாலை. ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் தர்காவை அண்டி நடந்துவந்த தனியார் மனநலக் காப்பகம் ஒன்று தீப்பிடித்தது. கொட்டகைக்குள் இருந்தவர்களைச் சங்கிலியால் பிணைத்து வைத்திருந்தார்கள். ஓட முடியவில்லை. முதலில் 25 பேர் என்று சொல்லப்பட்ட உயிரிழப்பு 28 ஆனது. சில நாட்களிலேயே ஏர்வாடியின் மனநலக் காப்பகங்களை அரசு மூடியது. அங்கிருந்த நூற்றுக்கணக்கானோர் குடும்பத்தாரிடமும் அரசு மருத்துவமனைகளிடமும் ஒப்படைக்கப்பட்டார்கள்.

செய்தித்தாள்களில் வந்ததைப் பார்த்து உச்ச நீதிமன்றம் தானாகவே அதை வழக்காக எடுத்துக்கொண்டது. மனநல மருத்துவமனைகளின் நிலை என்ன, உரிமம் இல்லாத காப்பகங்கள் எத்தனை என்று எல்லா மாநிலங்களையும் கேட்டது. அதற்கு முன்பே, 1993-ல், குற்றம் எதுவும் செய்யாத மனநோயாளிகளைச் சிறையில் அடைத்து வைப்பது சட்டவிரோதம் என்று அதே நீதிமன்றம் சொல்லியிருந்தது. பத்திரிகையாளர் ஷீலா பர்சே தொடுத்த வழக்கு அது.

உலக அளவில் இன்னொரு போராட்டமும் நடந்துகொண்டிருந்தது. மனநல சிகிச்சைக்கு உள்ளானவர்களும் மாற்றுத்திறனாளிகளும், "எங்களை விட்டுவிட்டு எங்களைப் பற்றி எதையும் முடிவு செய்யாதீர்கள்" என்று குரல் கொடுத்தார்கள். அதன் பலனாக 2006-ல் ஐக்கிய நாடுகள் சபை மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையை நிறைவேற்றியது. 2007-ல் இந்தியா அதை ஏற்று உறுதி செய்தது. ஏற்ற பிறகு உள்நாட்டுச் சட்டத்தையும் மாற்றியாக வேண்டும். அப்படித்தான் 1987-ம் ஆண்டின் பழைய சட்டம் போய், 2017-ல் புதிய சட்டம் வந்தது. 2018 முதல் நடைமுறையில் இருக்கிறது.

எந்தெந்த இடங்களுக்கு இது பொருந்தும்?

அரசு மருத்துவமனை, தனியார் மருத்துவமனை, தொண்டு நிறுவனம் நடத்தும் காப்பகம் எல்லாவற்றுக்கும் பொருந்தும். சித்தா, ஆயுர்வேதம், யுனானி, ஹோமியோபதி முறையில் மனநோயாளிகளைத் தங்க வைத்துப் பார்க்கும் இடங்களும் இதற்குள் வரும். எல்லா இடங்களும் பதிவு செய்திருக்க வேண்டும். குடும்பத்தோடு வாழும் சொந்த வீடு மட்டும் இந்தப் பதிவுக்குள் வராது.

குடிநோய் மையங்கள்? அவையும் வரும். குடி, போதைப் பழக்கத்தால் வரும் மனநிலைக் கோளாறுகளையும் சட்டம் மனநோய் என்றே கணக்கில் கொள்கிறது. ஆள் அனுப்பி, வீட்டிலிருந்து வண்டியில் தூக்கிப் போட்டுக்கொண்டு போய், மூன்று மாதம் வெளியே விடாமல் அடைத்து வைக்கும் மையங்கள் உண்டு. "குடும்பத்தார் சம்மதித்தார்கள்" என்று காட்டி அவை தப்பிக்க முடியாது. நீங்கள் ஒருவரைச் சேர்க்கும் முன், அந்த மையத்தின் பதிவுச் சான்றைக் கேளுங்கள். காட்டத் தயங்கும் இடத்தில் சேர்க்காதீர்கள்.

யாரை வேண்டுமானாலும் மனநோயாளி என்று சொல்லிவிட முடியுமா?

முடியாது. உலக அளவில் ஏற்கப்பட்ட மருத்துவ வரையறைப்படி மட்டுமே மனநோய் என்று முடிவு செய்யலாம். ஒருவருடைய சாதி, மதம், அரசியல், ஏழ்மை காரணமாகவோ, ஊரும் உறவும் ஏற்கும்படி அவர் நடக்கவில்லை என்பதற்காகவோ மனநோயாளி என்று முத்திரை குத்தக் கூடாது.

இதன் பொருள் உங்களுக்குப் புரிந்திருக்கும். சாதி மாறிக் காதலிக்கும் மகள், கல்யாணம் வேண்டாம் என்கிற மகன், சொத்தில் பங்கு கேட்கும் தம்பி என்று யாரையும் அதற்காக மனநல மருத்துவமனையில் அடைக்க முடியாது. தன்பாலின ஈர்ப்பை "மாற்றுவதாக"ச் சொல்லிச் செய்யும் சிகிச்சையைத் தடுக்க வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் 2021-ல் தனியாகவே உத்தரவிட்டது.

இன்னொன்றையும் கவனியுங்கள். பத்து வருடம் முன்பு ஒருவர் மனநல மருத்துவமனையில் இருந்தார் என்பதை மட்டும் வைத்து இன்றும் அவர் நோயாளி என்று சொல்லக் கூடாது. விவாகரத்து வழக்கிலும் பாகப் பிரிவினையிலும் பழைய மருந்துச் சீட்டைத் தூக்கிக் காட்டுபவர்களுக்கு இது தெரிந்திருக்க வேண்டும்.

"அவருக்குத்தான் சுயநினைவே சரியில்லையே, அவரிடம் போய் என்ன கேட்பது?"

பெரும்பாலான குடும்பங்கள் கேட்கும் கேள்வி இது. சட்டம் வேறு இடத்திலிருந்து தொடங்குகிறது. மனநோய் உள்ளவர் உட்பட, எல்லோருக்கும் தன் சிகிச்சையைப் பற்றி முடிவெடுக்கும் திறன் இருக்கிறது என்றே முதலில் கொள்ள வேண்டும். இல்லை என்றால், இல்லை என்று காட்ட வேண்டியது மருத்துவரின் பொறுப்பு.

அந்தத் திறனை எப்படிப் பார்ப்பார்கள்? சொல்வது புரிகிறதா, எடுத்த முடிவின் விளைவு தெரிகிறதா, தன் முடிவைப் பேச்சிலோ சைகையிலோ வேறு வழியிலோ தெரிவிக்க முடிகிறதா என்று பார்ப்பார்கள். நோயாளிக்குப் புரியும் மொழியில், எளிமையாகச் சொல்லிப் பார்த்த பிறகுதான் இந்தச் சோதனை. ஆங்கிலத்தில் நாலு வரி சொல்லிவிட்டு "புரிந்துகொள்ளவில்லை" என்று எழுதக் கூடாது.

அவர் எடுக்கும் முடிவு உங்களுக்கோ மருத்துவருக்கோ தவறாகத் தெரியலாம். அதற்காக முடிவெடுக்கும் திறனே இல்லை என்று ஆகிவிடாது. மேலும், இன்று இல்லாத திறன் அடுத்த வாரம் வரலாம். அதனால்தான் திரும்பத் திரும்பச் சோதிக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது.

எத்தனை வகையில் சேர்ப்பார்கள்? உங்கள் கையெழுத்து எதில் விழுகிறது?

பெரியவர்களுக்கு இரண்டு வகை. முதலாவது, நோயாளி தானே விரும்பிச் சேர்வது. இதில் கையெழுத்து நோயாளியுடையது. அவர் சம்மதம் இல்லாமல் சிகிச்சை கொடுக்கக் கூடாது. "நான் வீட்டுக்குப் போகிறேன்" என்று சொன்னால் விட்டுவிட வேண்டும். நிலைமை மோசம் என்று மருத்துவர் கருதினால், இரண்டாவது வகைக்கு மாற்ற வேண்டுமா என்று பார்ப்பதற்காக 24 மணி நேரம் மட்டும் நிறுத்தி வைக்கலாம்.

இரண்டாவது, ஆதரவுடன் சேர்ப்பது (நோயாளி முடிவெடுக்க முடியாத நிலையில் அவர் சார்பில் பேசும் பிரதிநிதி கேட்டுச் சேர்ப்பது). உங்கள் கையெழுத்து விழுவது இதில்தான். ஆனால் கையெழுத்து மட்டும் போதாது. ஒரு மனநல மருத்துவரும், இன்னொரு மனநல நிபுணர் அல்லது மருத்துவரும் தனித்தனியாகச் சோதித்திருக்க வேண்டும். நோயாளி தன்னை மாய்த்துக்கொள்ள அல்லது காயப்படுத்திக்கொள்ள முயன்றிருக்க, அல்லது அப்படிச் செய்வதாக மிரட்டியிருக்க வேண்டும். அல்லது பிறரைத் தாக்கியிருக்க, அல்லது தாக்கிவிடுவார் என்று அஞ்ச வைத்திருக்க வேண்டும். அல்லது தன்னைத் தானே பார்த்துக்கொள்ள முடியாமல் ஆபத்தில் இருக்க வேண்டும். இதில் ஒன்றாவது இருந்து, வேறு வழியும் இல்லை என்றால்தான் சேர்க்கலாம்.

எத்தனை நாள்? அதிகபட்சம் 30 நாள். முடிவெடுக்கும் திறன் திரும்பியதா என்று ஏழு நாளுக்கு ஒருமுறை பார்க்க வேண்டும். சேர்த்த தகவல் மனநல மறுஆய்வு வாரியத்துக்கு (நோயாளியின் உரிமையைக் காக்கச் சட்டம் அமைத்த மன்றம்) போக வேண்டும். பெண்கள், சிறுவர் என்றால் மூன்று நாளுக்குள், மற்றவர்கள் என்றால் ஏழு நாளுக்குள்.

30 நாளுக்கு மேலும் தேவைப்பட்டால்? இரண்டு மனநல மருத்துவர்கள் சோதித்துச் சொல்ல வேண்டும், வாரியம் அனுமதிக்க வேண்டும். அப்போதும் முதலில் 90 நாள், அடுத்து 120 நாள், பிறகு ஒவ்வொரு முறையும் 180 நாள் என்றுதான் நீட்டிக்கலாம். ஒருமுறை உள்ளே தள்ளிவிட்டு ஆயுள் முழுக்க மறந்துவிடும் வழியைச் சட்டம் இப்படி அடைத்திருக்கிறது.

ஆகவே படிவத்தை நீட்டும்போது இதைக் கேளுங்கள்: "இது எந்த வகைச் சேர்க்கை? எத்தனாம் தேதி வரைக்கும்? வாரியத்துக்குத் தகவல் எப்போது போகும்?" பதிலைக் குறித்துக்கொள்ளுங்கள், படிவத்தின் நகல் ஒன்றும் வாங்கிக்கொள்ளுங்கள்.

அவசரத்துக்கு என்ன செய்வார்கள்?

உயிருக்கு ஆபத்து என்றால், பதிவு பெற்ற எந்த மருத்துவரும் பிரதிநிதியின் சம்மதத்தோடு உடனே அவசர சிகிச்சை தரலாம். பிரதிநிதி பக்கத்தில் இல்லாவிட்டாலும் தரலாம். ஆனால் அது 72 மணி நேரத்துக்கு மட்டும்தான். அவசரம் என்று சொல்லி மின்வலிப்பு சிகிச்சை (ஷாக்) கொடுக்க முடியாது.

உள்ளே இருக்கும்போது எதைச் செய்யக் கூடாது?

சங்கிலியால் பிணைப்பது எந்த வடிவத்திலும் கூடாது. காப்பகத்தில் மட்டும் என்றில்லை, மனநோயுள்ள எவரையும் எங்கும் சங்கிலியில் கட்டக் கூடாது. உத்தரப் பிரதேசத்தின் பதாயூனில் வழிபாட்டுத் தலம் சார்ந்த ஒரு காப்பகத்தில் நோயாளிகளைச் சங்கிலியில் கட்டியிருந்தது தெரியவந்தபோது, 2019-ல் உச்ச நீதிமன்றம் அது மனிதத் தன்மையற்றது என்று கண்டித்தது.

தனி அறையில் போட்டுப் பூட்டுவதும் கூடாது. கை கால்களைத் துணியாலோ பட்டையாலோ கட்டுவது, உடனடி ஆபத்தைத் தடுக்க வேறு வழியே இல்லை என்றால் மட்டும், மனநல மருத்துவர் அனுமதித்தால் மட்டும், தேவையான நேரத்துக்கு மட்டும். ஏன் கட்டினார்கள், எவ்வளவு நேரம் என்று நோயாளியின் பதிவேட்டில் எழுத வேண்டும். 24 மணி நேரத்துக்குள் பிரதிநிதிக்குச் சொல்ல வேண்டும். "ராத்திரி ஆள் பற்றவில்லை, அதனால் கட்டினோம்" என்பது சட்டப்படி காரணமே இல்லை. தண்டனையாகக் கட்டுவது குற்றம்.

மொட்டை அடிக்கக் கூடாது. விரும்பினால் சொந்த உடை உடுத்தலாம். கழிப்பறையிலும் குளியலறையிலும் மறைவு இருக்க வேண்டும். வார்டு கூட்டவும் பாத்திரம் கழுவவும் கட்டாயப்படுத்தக் கூடாது. வேலை செய்தால் கூலி தர வேண்டும். சிகிச்சை என்ற பெயரில் ஆணுக்கோ பெண்ணுக்கோ கருத்தடை செய்யக் கூடாது.

நீங்கள் பார்க்கப் போகும்போது மணிக்கட்டையும் கணுக்காலையும் பாருங்கள். தழும்பு இருந்தால், "எப்போது கட்டினீர்கள், பதிவேட்டைக் காட்டுங்கள்" என்று கேளுங்கள். குரலை உயர்த்த வேண்டாம், கேட்டாலே போதும். கேள்வி கேட்கும் உறவினர் இருக்கிறார் என்று தெரிந்த நோயாளியை அவசரப்பட்டுக் கட்ட மாட்டார்கள்.

ஷாக் ட்ரீட்மென்ட் தடை செய்யப்பட்டதா?

இல்லை. மின்வலிப்பு சிகிச்சை (மூளைக்குள் சிறிதளவு மின்சாரம் செலுத்திச் செய்வது, ஊரில் "கரண்ட் வைப்பது" என்பார்கள்) கடுமையான மனச்சோர்வில் பலருக்குப் பலன் தந்திருக்கிறது. அதைப் பேய் போல அஞ்ச வேண்டியதில்லை. தடை செய்யப்பட்டது மயக்க மருந்தும் தசைத் தளர்வு மருந்தும் இல்லாமல் கொடுக்கும் பழைய முறை. அந்த முறையில் உடல் தூக்கிப் போடும், எலும்பு முறிந்ததும் உண்டு. அதை எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை வழக்கு நடந்தது.

18 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு இந்தச் சிகிச்சை பொதுவாகவே தடை. மிகத் தேவை என்றால் பெற்றோர் அல்லது காப்பாளர் சம்மதமும் வாரியத்தின் முன் அனுமதியும் வேண்டும். பெரியவர்களுக்கு என்றால், நீங்கள் கேட்க வேண்டியது: "மயக்கம் கொடுக்கும் டாக்டர் இருப்பாரா? எத்தனை முறை? ஞாபக மறதி வருமா?" இவற்றுக்குப் பதில் கிடைத்த பிறகு சம்மதம் கொடுங்கள்.

போன் பேசலாமா? ஃபைலைப் பார்க்கலாமா?

பேசலாம். உள்ளே இருப்பவர் போனில் பேசவும், கடிதமோ மின்னஞ்சலோ அனுப்பவும், வந்து பார்ப்பவர்களைச் சந்திக்கவும் உரிமை உண்டு. சந்திக்க விருப்பம் இல்லை என்றால் மறுக்கவும் உரிமை உண்டு.

தன் மருத்துவப் பதிவுகளை நோயாளி கேட்டுப் பெறலாம். அவருடைய நோய் விவரத்தை மற்றவர்களிடம் சொல்லக் கூடாது. சிகிச்சையில் இருப்பவரின் படத்தையோ விவரத்தையோ அவர் சம்மதமின்றி ஊடகங்களுக்குத் தரக் கூடாது. அலுவலகத்திலிருந்து யாராவது போன் செய்து "எங்க ஸ்டாஃபுக்கு என்ன நோய்?" என்று கேட்டால் மருத்துவமனை சொல்லக் கூடாது.

சாப்பாட்டில் மாத்திரையைக் கலந்து கொடுக்கலாமா?

நம் வீடுகளில் இது சாதாரணமாக நடக்கிறது. காபியில் பொடித்துப் போடுவார்கள், தோசை மாவில் கலப்பார்கள். வேறு வழி தெரியாத அம்மாவும் மனைவியும் அழுதுகொண்டே செய்வது அது. அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது.

ஆனால் சட்டம் கேட்பது விவரம் தெரிந்த சம்மதம் (என்ன மருந்து, என்ன பலன், என்ன பக்கவிளைவு என்று அறிந்து, வற்புறுத்தல் இல்லாமல் தரும் ஒப்புதல்). கலந்து கொடுப்பதில் அதற்கு இடமில்லை. ஆபத்தும் உண்டு. கை நடுங்குகிறது, நாக்கு குழறுகிறது, எடை ஏறுகிறது, ஆனால் எதனால் என்று அவருக்கே தெரியாது. ஒருநாள் தெரிந்துவிட்டால், "விஷம் வைக்கிறார்கள்" என்று ஏற்கனவே சந்தேகப்படுபவருக்கு அந்தச் சந்தேகம் உண்மையாகிவிடும். பிறகு உங்கள் கையால் தண்ணீர் கூடக் குடிக்க மாட்டார்.

அப்படியானால் என்ன செய்வது? மருத்துவரிடம் நிலைமையை உள்ளபடி சொல்லுங்கள். பக்கவிளைவு குறைந்த மருந்துக்கு மாற்ற முடியுமா, மாதம் ஒருமுறை போடும் ஊசி பொருந்துமா என்று நோயாளியையும் வைத்துக்கொண்டு பேசுங்கள். மருந்து வேண்டாம் என்பதற்கு அவரிடம் பெரும்பாலும் ஒரு காரணம் இருக்கும். அதை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

நலமாக இருக்கும்போதே எழுதி வைக்க முடியுமா?

முடியும். இந்தச் சட்டம் தந்ததில் மிகப் பெரியது இதுதான். இதற்கு முன்கூட்டிய அறிவுறுத்தல் (பின்னால் நோய் முற்றி முடிவெடுக்க முடியாமல் போனால் என்னை எப்படிப் பார்க்க வேண்டும், எப்படிப் பார்க்கக் கூடாது என்று எழுதி வைப்பது) என்று பெயர். 18 வயது நிறைந்த யாரும் எழுதலாம். இதற்கு முன் மனநோய் வந்திருக்க வேண்டும் என்ற அவசியமில்லை.

எழுதியதில் நீங்கள் கையெழுத்திட்டு, இரண்டு பேர் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும். மறுஆய்வு வாரியத்தில் கட்டணமில்லாமல் பதிவு செய்துகொள்ளலாம். எழுதும் நாளில் நீங்கள் தெளிவாக இருந்தீர்கள் என்று உங்கள் மருத்துவரிடம் ஒரு வரி எழுதி வாங்கி வைப்பது நல்லது. எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம்.

என்ன எழுதுவது என்று புரியவில்லையா? இப்படி எழுதலாம்:

"ஹாலோபெரிடால் ஊசி போட்டால் எனக்குக் கழுத்து இறுகித் திருகிக்கொள்கிறது. அதைத் தவிர்க்கவும். ஓலான்சபின் எனக்கு ஒத்துக்கொண்டது. என்னைச் சேர்க்க வேண்டி வந்தால் எங்கள் மாவட்டத்திலேயே சேர்க்கவும். நான் கத்தினால் கட்ட வேண்டாம், அறையில் கூட்டத்தைக் குறைத்து என் அக்காவைப் பேசச் சொல்லவும். அண்ணனிடம் என் சிகிச்சை விவரத்தைச் சொல்ல வேண்டாம். என் பிரதிநிதி என் அக்கா."

இவ்வளவு விவரமாக எழுதினால்தான் பயன். "நன்றாகப் பார்த்துக்கொள்ளவும்" என்று எழுதினால் யாருக்கும் எதுவும் தெரியாது.

மருத்துவர் இதை மதித்தே ஆக வேண்டுமா? ஆம். ஆனால் அவசர சிகிச்சைக்கு இது பொருந்தாது. பின்பற்ற முடியாது என்று மருத்துவரோ குடும்பமோ கருதினால் வாரியத்திடம் மனு செய்து மாற்றக் கேட்கலாம். தாங்களாகவே ஓரமாக வைத்துவிட முடியாது.

பிரதிநிதி என்பவர் யார்?

நியமனப் பிரதிநிதி (உங்களால் முடியாதபோது உங்கள் சார்பில் பேச நீங்களே தேர்ந்தெடுக்கும் ஆள்) ஒருவரை நியமிப்பது வங்கிக் கணக்குக்கு நாமினி எழுதுவது போல எளிதாகச் செய்யக்கூடியது. வெள்ளைத் தாளில் எழுதி, கையெழுத்தோ கைநாட்டோ வைத்தால் போதும். பிரதிநிதியாக இருப்பவரின் சம்மதத்தையும் எழுதி வாங்க வேண்டும். 18 வயது நிறைந்தவராக இருக்க வேண்டும்.

கணவராகவோ அண்ணனாகவோதான் இருக்க வேண்டும் என்பதில்லை. தோழியைப் போடலாம். புகுந்த வீட்டில் நெருக்கடியில் இருக்கும் பெண்ணுக்கு இது எவ்வளவு பெரிய பிடிமானம் என்று யோசித்துப் பாருங்கள். யாரையும் நியமிக்காவிட்டால் உறவினர், பராமரிப்பவர் என்று சட்டம் சொல்லும் வரிசையில் ஒருவர் பிரதிநிதியாவார்.

செலவுக்கு என்ன வழி?

அரசு நடத்தும், அரசு நிதி பெறும் இடங்களில் மனநல சிகிச்சை பெற எல்லோருக்கும் உரிமை உண்டு. வறுமைக் கோட்டுக்குக் கீழே உள்ளவர்களுக்கும் வீடற்றவர்களுக்கும் அது இலவசம். அதற்கான அட்டை கையில் இல்லை என்று திருப்பி அனுப்பக் கூடாது.

மருத்துவக் காப்பீடு வைத்திருக்கிறீர்களா? உடல்நோய்க்குத் தருவது போலவே மனநோய்க்கும் தர வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2018-லேயே நிறுவனங்களுக்கு இதை அறிவுறுத்தியது. பழைய பாலிசியில் "மனநோய் சேராது" என்று அச்சிட்டிருந்தாலும் அது செல்லாது என்று வாதிட உங்களுக்குச் சட்டம் இருக்கிறது. கோரிக்கையை மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். பிறகு நிறுவனத்தின் குறைதீர் பிரிவுக்கும், அடுத்து காப்பீட்டுக் குறைதீர்ப்பாளருக்கும் (ஓம்பட்ஸ்மேன்) எழுதுங்கள்.

போலீஸ் என்ன செய்ய வேண்டும்?

தெருவில் திரியும் மனநோயாளியை, தன்னைப் பார்த்துக்கொள்ள முடியாதவர் என்று தெரிந்தால், போலீஸ் பாதுகாப்பில் எடுத்து 24 மணி நேரத்துக்குள் அரசு மருத்துவமனைக்குக் கொண்டு போக வேண்டும். லாக்கப்பிலோ சிறையிலோ வைக்கக் கூடாது.

பக்கத்து வீட்டில் ஒருவரைக் கட்டி வைத்திருக்கிறார்கள், சோறு தண்ணீர் சரியாகக் கொடுப்பதில்லை என்று உங்களுக்குத் தெரிந்தால், நீங்களே காவல் நிலையத்தில் சொல்லலாம். காவல் நிலைய அதிகாரி அதை மாஜிஸ்ட்ரேட்டுக்குத் தெரிவிக்க வேண்டும்.

தற்கொலைக்கு முயன்றவரை இனி குற்றவாளியாக நடத்தக் கூடாது. கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கொண்டு, அவருக்குச் சிகிச்சையும் மறுவாழ்வும் தர அரசு கடமைப்பட்டிருக்கிறது. கேஸ் ஆகிவிடும் என்று பயந்து மருத்துவமனைக்குப் போகாமல் இருந்துவிடாதீர்கள். மனம் தாங்காத நேரத்தில் 14416 என்ற டெலி மானஸ் எண்ணை எந்நேரமும் இலவசமாக அழைத்துத் தமிழிலேயே பேசலாம்.

உரிமை மீறப்பட்டால் எங்கே போவது?

முதலில் மருத்துவமனைப் பொறுப்பாளரிடம் எழுத்தில் கொடுங்கள். பலன் இல்லையென்றால் மனநல மறுஆய்வு வாரியத்துக்குப் போங்கள். நோயாளியோ பிரதிநிதியோ மனு செய்யலாம். நோயாளி சம்மதித்தால் பதிவு பெற்ற தொண்டு நிறுவனமும் செய்யலாம். கட்டணம் கிடையாது. உள்ளே அடைபட்டிருப்பவர் எழுத முடியாத நிலையில் வாய்மொழியாகவோ போனிலோ சொன்னாலும் வாரியம் ஏற்கலாம். வாரியத்தின் முடிவு சரியில்லை என்றால் 30 நாளுக்குள் உயர் நீதிமன்றத்தில் முறையிடலாம்.

வக்கீல் வைக்க வசதியில்லையா? இலவச சட்ட உதவி உங்கள் உரிமை. மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கும். 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம்.

சட்டத்தை மீறியவருக்கு என்ன தண்டனை? முதல் முறை ஆறு மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். மறுபடி மீறினால் இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது 50,000 முதல் 5 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்கலாம்.

சட்டம் வந்துவிட்டதே, போராட்டம் முடிந்துவிட்டதா?

முடியவில்லை. சம்மதமின்றிச் சேர்ப்பதற்கு இந்தச் சட்டம் இன்னும் இடம் தருகிறது, ஐ.நா. உடன்படிக்கை அதை ஏற்கவில்லை என்பது உரிமைப் போராளிகளில் ஒரு பகுதியினரின் வாதம். உயிராபத்தில் இருப்பவரை அப்படியே விட முடியாது என்பது பல மருத்துவர்கள், குடும்பங்களின் வாதம். 2023-ல் உலக சுகாதார நிறுவனமும் ஐ.நா. மனித உரிமை அலுவலகமும் சேர்ந்து, கட்டாய சிகிச்சையை முடிவுக்குக் கொண்டுவரும் திசையில் நாடுகள் தங்கள் சட்டங்களை மாற்ற வேண்டும் என்று வழிகாட்டுதல் வெளியிட்டன.

குணமான பிறகும் கூட்டிப் போக ஆள் வராததால் மருத்துவமனையிலேயே கிடப்பவர்கள் இருக்கிறார்கள். குடும்பம் ஏற்கவில்லை, போக இடமில்லை என்பதற்காக ஒருவரை அடைத்து வைக்கக் கூடாது, ஊரோடு சேர்ந்து வாழ அவருக்கு உரிமை உண்டு என்று சட்டம் தெளிவாகச் சொல்கிறது. அதற்கு வேண்டிய சிறு இல்லங்களைப் போதுமான அளவில் கட்ட வைப்பதுதான் அடுத்த போராட்டம்.

அந்தப் போராட்டத்தில் உங்களுக்கும் வேலை இருக்கிறது, அதற்குக் கொடி பிடிக்க வேண்டியதில்லை. வீட்டில் மனநோயுள்ளவர் இப்போது தெளிவாக இருந்தால், இந்த வாரமே அவருடன் உட்கார்ந்து பிரதிநிதி யார் என்று எழுதுங்கள். மருந்தில் எது ஒத்துக்கொண்டது, எது ஒத்துக்கொள்ளவில்லை என்று அவரையே சொல்லச் சொல்லி எழுதுங்கள். மருத்துவமனையில் பதிவேட்டைக் கேளுங்கள். மறுத்தால் வாரியத்துக்கு ஒரு மனு போடுங்கள். ஏர்வாடியில் இறந்தவர்கள் உயிரோடிருந்தபோது அவர்களுக்காகக் கேட்க யாரும் இருக்கவில்லை. இன்று கேட்பதற்குச் சட்டம் இருக்கிறது, இடம் இருக்கிறது. கேட்க வேண்டியவர் நீங்கள்தான்.